குளம் செத்துவிட்டது என்று எழுதித் தரமாட்டேன்

தம்பி,

வருசப்பிறப்புக்கு நீ வந்து போய் இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை. சாப்பிட்டாய், கோயிலுக்குப் போனாய், ஆவணியில் நடக்கப்போகும் உன் கல்யாணத்துக்கு யார் யாருக்குச் சொல்வது என்று என்னோடு இருந்து கதைத்தாய். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. திரும்பிப் போகும் வழியில் சந்திக் கடையடியில் பஸ்ஸுக்கு நின்றபோது கிரவல் கம்பனி மனேஜர் வந்து உனக்குக் கை கொடுத்ததும், "அம்மாவை நான் பாத்துக்கொள்ளுறன், அவவின்ர கையெழுத்துக்கு நான் பொறுப்பு" என்று நீ அவருக்குச் சொன்னதும், உன் பஸ் கந்தளாய் வீதியில் ஏறுவதற்கு முன்பே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்து வளவுத் தவமணி கடைக்குப் பாண் வாங்கப் போனவள், பாணை வாங்க மறந்து திரும்பி ஓடி வந்தாள். "அக்கா, உங்கட மகன் உங்களை எழுதிக் குடுத்திட்டான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ நாலு பேருக்கு முன்னால் சொன்னாய். ஆகவே நானும் நாலு பேருக்கு முன்னாலேயே பதில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்குத் தபாலில் வரும். ஒன்றை எங்கள் வாசிகசாலைப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். மற்றது பத்திரிகைக்குப் போகிறது. அவர்கள் போடுவார்களோ தெரியாது. போட்டால், துறைமுகக் கந்தோரில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் உனக்கு முன்பே வாசித்துவிடுவார்கள். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். எனக்கும் இருந்தது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் கதைத்தால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிக்கொண்டு வேறு ஏதோ வேலை பார்ப்பாய். அதோடு, நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதன் பிறகு படித்ததெல்லாம் அகதி முகாமில், நிவாரணச் சாமான் சுற்றி வந்த பழைய பேப்பரிலும், கந்தோர்ச் சுவர்களில் ஒட்டியிருந்த அறிவித்தல்களிலும்தான். வாயால் சொன்னதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் எடுப்பார்கள் என்று அங்கே விளங்கிக்கொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன். அதனால்தான் கண்டதையும் எழுதிக் கொடுக்க மறுக்கிறேன்.

வெளியூரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக ஊரைக் கொஞ்சம் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். எங்களுக்குக் கந்தளாய்க் குளம் மாதிரிப் பெரிய குளம் இல்லை. எங்களுடையது சின்னக் குளம். ஊருக்கு மேலே உள்ள மேட்டுக்காட்டில் பெய்யும் மழை இரண்டு ஓடைகளால் இறங்கி வந்து அதில் சேரும். குளக்கட்டின் அடியில் தண்ணீரைத் திறந்து விடும் துருசு. துருசிலிருந்து ஒரே ஒரு வாய்க்கால். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருப்பது மேல்வயல், முடியும் இடத்தில் இருப்பது கடைவயல். எங்கள் காணி கடைவயலில் இருக்கிறது. மாரியில் மழையை நம்பிப் பெரும்போகம் செய்வோம். கோடையில் குளத்தில் நிற்கும் தண்ணீரை நம்பிச் சிறுபோகம் செய்வோம். இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.

கம்பனி வெட்டுவது அந்த மேட்டுக்காட்டைத்தான். சரளை கலந்த செம்மண்ணைத்தான் கிரவல் என்கிறார்கள். வீதிக்குக் கிரவல் வேண்டும், துறைமுகத்தில் கொள்கலன் அடுக்கும் வெளிக்குக் கிரவல் வேண்டும், கடற்கரை ஹோட்டல்களுக்குக் கிரவல் வேண்டும். நீ தினமும் வேலைக்குப் போய் வரும் வீதிக்குக் கீழே எங்கள் மேடுதான் கிடக்கிறது. முதலில் மரத்தைத் தள்ளினார்கள். பிறகு பெக்கோ மெசினைக் கொண்டுவந்து மேல்மண்ணைச் சுரண்டி ஓடைக் கரையில் குவித்தார்கள். அதன் பிறகுதான் கிரவலை வெட்டி டிப்பரில் ஏற்றினார்கள். குவித்த மண்ணை அப்படியே விட்டார்கள். மாரி வந்தது. குவியல் ஓடைக்குள் இறங்கியது. ஓடை அதைக் குளத்துக்குள் கொண்டுவந்து விட்டது. அடுத்த மாரிக்குப் புதிய குவியல். உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் நீ குளத்து நடுவில் முக்குளித்து அடிமண் எடுத்துக் காட்டுவாய், மேலே வரும்போது உன் கண் சிவந்திருக்கும். இப்போது அதே இடத்தில் எருமை படுத்தால் முதுகு நனைவதில்லை.

வயலுக்கு வந்த கேட்டைச் சொல்கிறேன். வாய்க்காலில் வரும் தண்ணீர் மேல்வயலில் ஓட்டமாகப் போகும். கடைவயலுக்கு வரும்போது ஓட்டம் குறைந்து, சுமந்து வந்த செம்மண் தூளை அங்கேதான் இறக்கும். அது காய்ந்தால் சீமெந்துத் தரை மாதிரி இறுகிவிடும். விதைத்தால் நெல் முளைக்கும், இரண்டு இலை விடும், வேர் கீழே போக முடியாமல் மஞ்சளாகி நிற்கும். டிப்பர் போகும் பாதையோரத்து வரம்புகளில் நெல்லின் தாள் தூசி படிந்து, தடவினால் கை சிவக்கும். இதையெல்லாம் நீ கண்ணால் பார்த்தவன்தான்.

இப்போது கம்பனி கேட்பது என்ன? எங்கள் குளம் பாவனையில் இல்லாத குளம், இந்தச் சிறுபோகத்தோடு அதைக் கைவிட்டுவிட்டோம் என்று காணிக்காரர் எல்லோரும் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். கொடுத்தால் குளக்கட்டு வரைக்கும் வெட்டலாம். குளத்துக்குள்ளும் வெட்டலாம். மேட்டிலிருந்து இறங்கி வந்து எங்கள் குளத்தை நிரப்பிய மண்ணையும் அள்ளி விற்கலாம். அரைவாசிப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சப் பேர் நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மனேஜர் உன்னைத் தேடி வந்து கை கொடுத்தது அதற்காகத்தான், உன் கல்யாணத்தைக் கேள்விப்பட்ட சந்தோசத்தில் இல்லை.

நீ அன்றைக்குக் குசினி வாசலில் நின்று சொன்னாய்: "அம்மா, அவங்கள் வெட்டினா குளம் ஆழமாகும்தானே. எங்களுக்கும் நல்லதுதானே." நான் அப்போது அடுப்பில் பாலை வைத்திருந்தேன், பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். துருசு இருக்கும் மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஏறி வராது. அது எவ்வளவு ஆழமாக நின்றாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம், குளிக்கலாம், வழுக்கி விழுந்து சாகலாம். வயலுக்குப் பாயாது. மேட்டில் அவர்கள் வெட்டி விட்டுப்போன கிடங்குகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது. அதில் யார் வேளாண்மை செய்கிறார்கள்?

தம்பி, இவ்வளவு நடக்கும்வரை ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது என் கடமை. ஏனென்றால் எங்களைக் கெடுத்ததில் எங்கள் நல்ல குணத்துக்கும் பங்கு இருக்கிறது.

குளம் நிரம்பி வழியும் இடத்தை வான் என்போம். வான் பாய்ந்தால் எங்களுக்கு அது ஒரு கொண்டாட்டம். குளக்கட்டில் பொங்குவோம், வெடி கொளுத்துவோம். முந்தி மார்கழி நடுவில்தான் வான் பாயும். கம்பனி வந்த பிறகு ஒரு வருசம் கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்பே பாய்ந்துவிட்டது. ஊர் முழுக்கக் கட்டில் நின்றது. நீயும் பெடியங்களோடு நின்று வழிகிற தண்ணீரில் மீன் பிடித்தாய். எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்க, உன் அப்பா மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு, "என்னெண்டு இவ்வளவு கெதியா நிரம்பினது?" என்று கேட்டார். "நல்ல நாளில வாயை வைக்காமல் இருங்கோ" என்று நான் அடக்கினேன். குளத்துக்குள் மண் நிரம்பினால் குளம் கெதியாக நிரம்பும், கெதியாக வழியும், கெதியாக வற்றும். பானைக்குள் பாதிவரை கல்லைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் பானை நிரம்பத்தான் செய்யும். நாங்கள் கல்லைப் பார்க்கவில்லை, நிரம்பியதைப் பார்த்துப் பொங்கினோம். அடுத்தடுத்த வருசமும் பொங்கினோம்.

அடுத்தது பங்கு. உனக்கு அது தெரியும், ஆனால் அது எப்படி வந்தது என்று தெரியாது. இடம்பெயர்ந்து போய் நாங்கள் திரும்பி வந்த வருசம், கடைவயல் முழுக்கப் பற்றையாகக் கிடந்தது. குளமும் உடைந்து அரைகுறையாகத்தான் தண்ணீர் நின்றது. அப்போது மேல்வயல்காரர் கூடி, "இருக்கிற தண்ணிக்கு மேல்வயலை மட்டும் செய்வம், ஆனா ஊரில இருக்கிற எல்லாருக்கும் அதில ஒரு துண்டு" என்று முடிவெடுத்தார்கள். காணி உறுதி யாருடைய பேரில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு. சிங்கள ஊர்களிலும் இந்த வழக்கம் இருக்கிறது, அவர்கள் பெத்ம என்பார்கள். நாங்கள் பங்கு போடுவது என்போம். நீ குழந்தையாக இருந்தபோது தின்ற சோறு அந்தப் பங்கு நெல்லுத்தான். அதைப் பற்றி நான் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்லமாட்டேன். இந்த மாவட்டத்தில் எத்தனையோ ஊர்கள் வரம்புக்காக வெட்டிக்கொண்ட காலத்தில் நாங்கள் வயலைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள்.

அதன் பிறகு தண்ணீர் குறைந்த வருசங்களில் பங்கு போட்டோம். பிறகு இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் போட்டோம். இப்போது ஒவ்வொரு சிறுபோகமும் போடுகிறோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கூட்டத்தில் "தண்ணி குறைவு" என்பார்கள், "வழமை மாதிரிச் செய்வம்" என்பார்கள், எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிப்பார்கள். வானம் தராததைப் பிரித்துக்கொள்வது மாதிரியே, ஒருவன் எடுத்துக்கொண்டு போனதற்குப் பிறகு மிஞ்சியதையும் பிரித்துக்கொண்டோம். சண்டை இல்லாமல், சத்தம் இல்லாமல், ஒருவரை ஒருவர் நல்ல மனிதர் என்று சொல்லிக்கொண்டு.

இதை எனக்கு விளங்கப்படுத்தியது வயல், குளம் விசயங்களைப் பார்க்கும் கமநலக் கந்தோரில் இருக்கும் ஒரு பிள்ளை. உன் வயதுதான் இருக்கும், மூதூர்ப் பக்கம். போன மாசி மாதம் நான் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு அவளிடம் போனேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொல்லிவிட்டு, நான் எழுதியதை முழுக்க வாசித்தாள்.

"அன்ட்டி, நீங்கள் சொல்லுறது எல்லாம் உண்மை. நான் வந்து பாத்தனான். ஆனா எங்கட பதிவில உங்கட குளம் நல்ல குளம்."

"என்னெண்டு பிள்ளை நல்ல குளம்?"

"ஒவ்வொரு மாரியும் வான் பாயுது. ஒவ்வொரு கோடையும் சிறுபோகம் நடக்குது. ஒரு வருசமாவது அழிவு எண்டு உங்கட ஊரில இருந்து ஒருத்தரும் எழுதித் தரேல்லை. தண்ணி இல்லாமல் அழிஞ்ச வயல் எண்டு ஒண்டைக் காட்டுங்கோ. நான் மேல அனுப்புறன்."

"நாங்கள் பங்கு போட்டுச் செய்யிறம், பிள்ளை. கோடையில கடைவயலை விதைக்கிறதே இல்லை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். விதைக்காத வயல் அழிஞ்சது எண்டு நான் எப்பிடி எழுத?"

நான் வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நெடுநேரம் இருந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னது சரி. முறைப்பாடு கொடுக்கப் போனால் எங்கள் குளம் நல்ல குளம். கம்பனி கிரவல் வெட்டக் கேட்டால் அதே குளம் செத்த குளம். ஒரே குளம் இரண்டு விதமாகவும் இருப்பதற்கு நாங்கள்தான் இடம் கொடுத்திருக்கிறோம்.

போன புதன்கிழமை சிறுபோகக் கூட்டம் நடந்தது. நீ போய் இரண்டு நாள். பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். வட்டவிதானையார், அவர்தானே துருசின் திறப்பை வைத்திருக்கிறவர், வழமை மாதிரித் தொடங்கினார். "இந்த முறையும் தண்ணி குறைவு. மேல்வயலில பங்கு போடுவம். ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

"எனக்கு இருக்கு" என்று எழும்பினேன்.

மேல்வயலில் துருசடிக் காணி வைத்திருக்கும் பேரம்பலம் பின்னால் திரும்பாமலே, "அக்காவுக்கு எதுக்குத்தான் மறுப்பு இல்லை" என்றான். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஏனென்றால் அது உண்மை. பிறகு சொன்னேன்: "என்ர பங்கு எனக்கு வேண்டாம். நான் என்ர கடைவயலில விதைக்கப்போறன்."

"அங்க தண்ணி வராது, அக்கா" என்றார் வட்டவிதானையார்.

"எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சு கொண்டு விதைநெல்லைக் கொட்டப்போறியளோ? உங்களுக்கு விசரோ?" இது பேரம்பலம்.

"என்ர முறைக்கு எனக்குரிய தண்ணியைத் திறந்து விடுங்கோ. வந்தா வந்தது. வராட்டி, வரேல்லை எண்டு எழுதவேணும். மாரியில வான் பாஞ்ச குளம், கோடையில கடைவயலுக்குத் தண்ணி தரேல்லை எண்டு அந்தக் கந்தோர்ப் பிள்ளை வந்து பாத்து எழுதவேணும். நாங்கள் பங்கு போட்டுப் போட்டு அந்த அழிவை ஒளிச்சு வச்சிருக்கிறம்."

பிறகு எழும்பினது தவமணி. நீ வந்தால் உனக்கு முருங்கைக்காய் கொண்டு வந்து தருகிற அதே தவமணி. அவளுக்குக் கோபம் வந்து நான் கண்டதில்லை. "நீங்கள் படிச்ச கதை கதைப்பியள் அக்கா. எனக்கு அந்தப் பங்கு நெல்லுத்தான் சோறு. நாளைக்குப் பங்கு இல்லையெண்டா நீங்கள் மகன்ர வீட்டை போவியள். நான் எங்க போறது?"

தம்பி, அந்தக் கேள்விக்காகத்தான் நான் அன்றைக்கு இரண்டாம் தடவை எழும்பினேன். முதல் சொன்னதை விட மெதுவாகச் சொன்னேன். "நான் எங்கயும் போகேல்லை தவமணி. உன்னைப் பங்கு எடுக்கவேண்டாம் எண்டும் சொல்லேல்லை. நீங்கள் எல்லாரும் பங்கு போடுங்கோ. நான் விடுற துண்டையும் நீயே சேத்துச் செய். காயப்போறது என்ர வயல் மட்டும்தான். அழிவைக் காட்ட ஒரு வயல் காணும்."

அவள் இருந்துவிட்டாள். சம்மதித்து இருந்தாளோ, களைத்து இருந்தாளோ தெரியாது. அடுத்த நாள் காலையில் வேலிக்கு மேலால் என்னிடம், "எந்தப் பக்கத்துத் துண்டு?" என்று மட்டும் கேட்டாள். கடைவயல்காரர் இன்னும் இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும். நான் அவர்களுக்காகக் காத்துக்கொண்டு இருக்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பேரம்பலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். அவனுக்கும் எனக்கும் வாய்க்கால் பிரச்சினையில் எத்தனை வருசப் பகை என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தும் வாசலில் நின்றுவிட்டுப் போனவன்.

"உங்கட வயல் காயுறதைப் பாக்க நான் வருவன் அக்கா. சந்தோசத்தோட வருவன்."

"வா. வந்து, காஞ்சதெண்டு கையெழுத்து வச்சுப்போட்டுப் போ."

"காஞ்சா காஞ்சதெண்டுதானே வைக்கவேணும். பொய்க் கையெழுத்து நான் வைக்கிறேல்லை."

"குளம் செத்துப்போச்செண்டு கம்பனிக்கு வச்சுக் குடுத்தனி?"

அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

இனி உனக்கு. விதைத்த வயலைச் சாக விடுவது பாவம் என்று நீ சொல்வாய். எனக்குத் தெரியாதா? தண்ணீர் வராது என்று தெரிந்துகொண்டு நான் ஒருநாளும் நெல்லை நிலத்தில் போட்டதில்லை. நேற்று உழவு மெசின் கடைவயலில் இறங்கியபோது கொழு செம்மண் தட்டில் உரசிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வரம்பில் நின்றேன். சாரதிப் பெடியன் இரண்டு தரம் நிற்பாட்டி, "அம்மா, உண்மையாவே உழவோ?" என்று கேட்டான். உழு என்றேன். நாளன்றைக்கு விதைப்பு. இந்த வயலைச் சாகக் கொடுப்பது நான் என்று யாரும் நினைக்கவேண்டாம். இது செத்துப் பல வருசம். செத்ததைப் பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். நான் பாயைத்தான் எடுக்கிறேன்.

தப்பித்தவறி ஆனியில் ஒரு மழை பெய்து, தண்ணீர் வந்து, வேளாண்மை விளைந்துவிட்டால்? விளையட்டும். வெட்டி, குத்தி, உன் கல்யாணம் நடக்கும் சாம்பல்தீவு வரைக்கும் கொண்டுவருவேன். கடைவயல் விளைந்த குளம் செத்த குளம் இல்லை என்று அந்த நெல்லே சொல்லும். காய்ந்தால் கம்பனி பதில் சொல்லவேண்டும். விளைந்தால் கம்பனியின் காகிதம் பொய். எப்படிப் பார்த்தாலும் நீ வாங்கித் தருவதாகச் சொன்ன அந்தக் கையெழுத்துக்கு இங்கே இடம் இல்லை.

என்னைக் கல்யாணத்துக்குப் பிறகு உங்களோடு வந்து இருக்கச் சொன்னாய். மருமகளும் போனில் கேட்டாள், அவளுடைய குரல் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் வரமாட்டேன் என்று கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. வயதாகிறது, முழங்கால் நோகிறது, ஒருநாள் வரத்தான் வேண்டும். ஆனால் நான் வருவதற்கு வழி பண்ணுகிறேன் என்று வயலைக் கொடுக்க நினைக்காதே. என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதும், என் காலுக்குக் கீழே இருப்பதை இழுத்து எடுப்பதும் ஒரே வேலை இல்லை.

கல்யாணம் முடிக்கப் போகிறவனுக்குத் தாய் ஏதாவது சொல்லவேண்டும் என்பார்கள். இரண்டு சொல்கிறேன். இன்னொருவருடைய சம்மதத்துக்கு நீ பொறுப்பு நிற்காதே. என் விசயத்தில் செய்தாய், நான் தாய், கடிதம் எழுதுவேன், அவ்வளவுதான். நாளைக்கு உன் பெண்சாதியின் பேரில் யாருக்காவது இப்படி வாக்குக் கொடுத்தால் அவள் ஒன்றும் எழுதமாட்டாள். உன்னை நம்புவதை விட்டுவிடுவாள். அது உனக்குத் தெரியவும் வராது. அடுத்தது, வீட்டில் ஏதாவது குறைந்துகொண்டு போனால் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக இருந்து குறைத்துக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். ஏன் குறைகிறது, எவ்வழியால் போகிறது என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டால் சண்டை வரும். வரட்டும். நாங்கள் ஊரோடு சேர்ந்து கேட்காமல் விட்டதன் பலனை நீ பஸ்ஸில் போகும்போது யன்னலால் பார்க்கலாம், மேட்டுக்காடு இருந்த இடத்தில் ஆகாயம் தெரிகிறது.

மனேஜருக்கு நீ என்ன சொல்வாய் என்பது உன் பாடு. நீ கொடுத்த வாக்கை மீறும் நிலைக்கு உன்னை நான் தள்ளியிருக்கிறேன், அது எனக்குத் தெரியும். அதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். உன்னுடையது இல்லாததை நீ கொடுத்தாய், அதை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

கந்தோர்ப் பிள்ளையோடு கதைத்துவிட்டேன். ஆனி கடைசியில் கடைவயலைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் எழுதும்போது வயலைத் தெரிந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்று சாட்சி வைத்தால் பலமாக இருக்கும் என்றாள். ஒருவன் பேரம்பலம். நேற்று உழவு பார்க்க வந்தவன், தூரத்து வரம்பில் நின்றபடியே, "எந்தத் திகதி எண்டு முன்னமே சொல்லுங்கோ, எனக்கும் வேலை இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான். மற்ற இடத்தை உனக்கு விட்டிருக்கிறேன். லீவு எடுக்கவேண்டி வரும். கந்தோரில் கேட்டால் அம்மாவுக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லாதே, வயல் பார்க்கப் போகிறேன் என்று சொல்.

வைகாசி முடிய முதல் உன் பதில் வரவேண்டும். வராவிட்டால் அந்த இடத்தில் நிற்கத் தவமணியைக் கேட்டிருக்கிறேன். அவள் ஓம் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா